அறுபதுக்கு மேலா, உள்ளேயா?

நாற்பத்திரண்டு வயதில் தனித்தேர்வு எழுதிக் கணக்கில் பாஸ் ஆன நாளிலிருந்து அந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு ‘எக்ஸ் அண்ணன்’ என்றே பெயர். டீசல் எவ்வளவு தூரம் வரும் என்று கேட்டால்கூட, பயணத்தாளைத் திருப்பி, தெரியாத எண்ணை எக்ஸ் என்று வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். போடாவிட்டால் மனுஷனுக்குத் தலையே வெடித்துவிடும்.

ஒரு நாள் மதியம், மூச்சுத் திணறிய தையல்காரர் ஒருவரைப் பெரிய மருத்துவமனைக்கு ஏற்றிப் போனார். பின்னால் செவிலியர் இருந்தாள். மாற்று சிலிண்டர் நிரப்பப் போயிருந்ததால் ஆக்சிஜன் ஒரே சிலிண்டர்தான். கிளம்பும்போது சிலிண்டரின் அழுத்தமானி முள் நூற்றைம்பதில் நின்றது. நிமிடத்துக்கு இரண்டு குறையும். முப்பதுக்குக் கீழே போனால் ஆபத்து. பயணமோ ஐம்பது நிமிடம்.

இருபதாவது நிமிடத்தில் ரயில்வே கேட் மூடிக்கொண்டது. திறக்கக் கால் மணி நேரமாகும் என்றார்கள். மொத்தம் அறுபத்தைந்து நிமிடம். எக்ஸ் அண்ணன் தாளை எடுத்தார். தாங்கும் நிமிடம் எக்ஸ்; நூற்றைம்பதிலிருந்து இரண்டு எக்ஸ் போக, மீதி முப்பதுக்குக் குறையக்கூடாது. மளமளவென்று போட்டு முடித்தார்.

“கவலைப்படாதம்மா. எக்ஸ் அறுபதுக்கு மேல. ஒரு மணி நேரத்துக்குக் குறையாம தாங்கும்.”

அவள் சிறு ஜன்னல் வழியாகத் தாளை வாங்கிப் பார்த்தாள். “அண்ணே, மைனஸ் ரெண்டால வகுத்திருக்கீங்க. பெரிசு, சின்னது குறி திரும்பணும்ல? எழுபதுன்னு வச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்தார். நூற்றைம்பதில் நூற்று நாற்பது போனால் பத்து. அறுபதுக்கு மேல் அல்ல, அறுபதுக்குள்!

“வழியில ஒரு கிளினிக் இருக்கு. போனைப் போடும்மா, சிலிண்டரை வாசல்லயே வச்சிருக்கச் சொல்லு.”

கேட் திறந்ததும் வண்டி பறந்தது. கிளினிக் வாசலில் சிலிண்டரை மாற்றியபோது முள் நாற்பதில் நின்றது. “நீ மட்டும் பாக்கலைன்னா…” என்றபடி தாளில் குறியைத் திருப்பிப் போட்டார்.

அதன்பிறகு எந்தக் கணக்கைப் போட்டாலும் தாளை ஜன்னல் வழியாக நீட்டிவிடுவார். “குறி சரியாப் பாரும்மா” என்று கேட்க அவருக்குக் கூச்சமே இல்லை. தப்பைச் சொல்ல ஒருத்தி கூடவே வருகிறாளே, இதைவிட வேறென்ன கொடுப்பினை வேண்டும்?

மூன்று வாரம் கழித்துத் தையல்காரர் நன்றி சொல்ல, மாடியில் இருந்த ஆம்புலன்ஸ் அலுவலகத்துக்கு வந்தார். “மாடி ஏறித்தான் வந்தேன். மூச்சே வாங்கல!”

எக்ஸ் அண்ணன் செவிலியரைக் கைகாட்டினார். பிறகு, சீராக ஏறி இறங்கிய அந்த மனிதரின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.