விட்டுக்கொடுத்த நேரம்

மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை பார்க்கும் சகாயமேரியின் மகள் சகாயசெல்வி, குயிலாப்பாளையத்தில் ஒரு சர்வர் கம்பெனியில் இருந்தாள். ஒரே இயந்திரத்தைப் பல வாடிக்கையாளர்களுக்கு மெய்நிகர் கணினிகளாகப் பிரித்துக் கொடுக்கும் கம்பெனி. எந்தக் கணினிக்கு எப்போது ப்ராசசர் கிடைக்கும் என்று முறைவைக்கும் ஹைப்பர்வைசர் மென்பொருள் அவள் பொறுப்பு.

அதில் ஒரு கோளாறு. பொதுத் தகவலை ஒரு சமயத்தில் ஒன்று மட்டுமே தொட விடும் பூட்டை, ஒரு மெய்நிகர் ப்ராசசர் கையில் வைத்துக்கொண்டே தன் முறைக்குக் காத்திருக்கும். அந்தப் பூட்டுக்காக இன்னொன்று, தனக்குக் கிடைத்த முறை முழுவதும் சும்மா சுற்றித் தீர்க்கும். வேலை நகராது. சுற்றுவதை அடையாளம் கண்டு ஒதுக்கி, பூட்டு வைத்திருப்பதை முன்னே விடும் வழியை ஐந்து மாதம் உட்கார்ந்து எழுதினாள் செல்வி.

டீம் லீடர் தட்சணாமூர்த்தி அதைத் தன் பெயரில் காட்டிப் பதவி உயர்வு வாங்கிக்கொண்டான். போய்க் கேட்டாள்.

"உப்பு வாரிட்டிருக்க வேண்டியவ. ஏசில உக்காந்திருக்கியே, போதாதா?" என்றான்.

அவன் எடுத்து இயந்திரங்களில் ஓடவிட்டது பாதிதான். ஒதுங்கிய ப்ராசசர் இழந்த நேரத்தைப் பிறகு திருப்பித் தரும் பகுதி அவளிடமே இருந்தது. அது இல்லாமல் போனால், அடிக்கடி ஒதுங்கும் கணினி தன் பங்கை இழந்துகொண்டே போகும். தெரிந்தும் அவள் பதினோரு நாள் வாயே திறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், ஆன்லைனில் பஸ் டிக்கெட் விற்கும் வாடிக்கையாளர் கூனிமேடு கவுஸ் பாய் ஆபீசுக்கே வந்துவிட்டார். "பக்ரீத் வாரம் சார், சைட்டு படுத்துக்கிச்சு!"

"உங்க சாஃப்ட்வேர்தான் சரியில்ல" என்றான் தட்சணாமூர்த்தி.

முதலாளி அந்தோணிசாமி முன்னால் செல்வி எழுந்தாள். "சார், ஒதுங்கினதுக்கு அந்த நேரத்த எங்க திருப்பிக் குடுக்கறீங்க? காட்டுங்க."

திரையை மேலும் கீழும் உருட்டினான். "அது... முறைவைக்கிற ஸ்கெட்யூலர் பாத்துக்கும்."

"ஸ்கெட்யூலர எழுதினதே நீங்கதான?"

அவன் காது சிவந்ததை ஆசை தீரப் பார்த்தாள். தேதி வாரியாகத் தன் கோப்புகளைத் திறந்து காட்டி, மீதிப் பாதியையும் ஏற்றினாள். சைட் ஓடியது.

"ரெண்டு பஸ் காலியாப் போச்சும்மா" என்றார் கவுஸ் பாய் கிளம்பும்போது. அவர் முகத்தை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை.

யார் எழுதியது என்று ஆபீஸ் முழுக்க மெயில் போடும்படி அந்தோணிசாமி உத்தரவிட்டார். தட்சணாமூர்த்தி தட்டச்சு செய்து முடிக்கும்வரை செல்வி அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள். அவள் பெயரில் ஓரெழுத்தை விட்டிருந்தான்.

"தப்பா இருக்குது சார். திருத்துங்க."