ஆறு தொட்டிக் காசித்தும்பை

நேற்று மருமகள் விதைப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து, இப்போது போடலாமா என்று கேட்டாள். மேலே அச்சடித்திருந்த பூ நன்றாகத்தான் இருந்தது. படத்தைப் பார்த்துச் செடி தேர்ந்தெடுக்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு; நானும் அந்தக் கூட்டம்தான்.

முதல் யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தலைமையாசிரியை வெள்ளைக்கார அம்மாள், துரைசானி என்போம். ஒருத்தியை மெட்ராசுக்கு ஒரு வருஷப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. என்னையா, என்னோடு வேலை பார்த்த களக்காட்டு எஸ்தரையா என்று அவருக்குத் தீர்மானம் வரவில்லை. ஆளுக்கு ஆறு மண்தொட்டி கொடுத்து, கிறிஸ்துமசுக்குப் பூத்திருக்க வேண்டும் என்றார். நாற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவளுக்குப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்பது அவர் கட்சி.

பெங்களூரிலிருந்து வந்த பொட்டலங்களில் நான் பான்சியை எடுத்தேன். மனித முகம் போன்ற பூ. நம் ஊர் வெயிலைப் பற்றி அந்தப் படத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எஸ்தர் பொட்டலங்களைத் தொடவே இல்லை. வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து வந்த காசித்தும்பை விதையைப் போட்டாள்.

எனக்குச் சொந்த ஊர் சேரன்மகாதேவி. ஆற்று வண்டலில் எதுவும் விளையும் என்று நம்பி வளர்ந்தவள். தொட்டி நிறைய வண்டலை அமுக்கி, ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கும்போதே காலையும் மாலையும் தண்ணீரும் ஊற்றினேன். அடித்துளை அடைத்துக்கொண்டது. இரண்டு இலை விட்ட நாற்றெல்லாம் ஒரே வாரத்தில் தண்டு அழுகிச் சாய்ந்தன. மண்ணில் குளத்துப் பாசி வாடை. யாரிடமும் சொல்லாமல் சனிக்கிழமை ஊருக்குப் போய்விட்டேன்.

திங்களன்று வந்து பார்த்தால் என் தொட்டிகளில் மணலும் சாணப்பொடியும் கலந்த புதுமண். ஒவ்வொன்றிலும் நாலிலைக் காசித்தும்பை. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. நான் கேட்கவுமில்லை. நுனி கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும் என்பதை மட்டும் அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

கிறிஸ்துமசுக்கு என் செடிகள் அவளுடையதைவிட ஒரு பிடி அதிகமாகப் பூத்தன. தோற்றும் சளைக்காமல் மறுபடி நட்டவள் என்று துரைசானி எல்லார் முன்னும் என்னைப் பாராட்டினார். எஸ்தர் பக்கத்தில்தான் நின்றாள். நான் தரையைப் பார்த்தேன். தைமாதம் மெட்ராசுக்கு ரயிலேறினேன்.

திரும்பி வந்தபோது அவளை வள்ளியூருக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு வருஷம் ஒத்திகை பார்த்த மன்னிப்போடு அங்கே போனேன். முழுவதும் கேட்டாள்.

“இப்ப என்னத்துக்கு டீச்சர் சொல்லுதீய? நீங்க போகணும்னு நான் வைக்கல. வெறுந்தொட்டியக் கண்டா எனக்கு ஆகாது, அவ்வளவுதான்.”

பிறகு, “எனக்கும் போகணும்னுதான் இருந்திச்சு” என்றாள். அப்புறம் காப்பி போட எழுந்து போனாள். நான் போகுமட்டும் மழையைப் பற்றித்தான் பேசினோம்.

போன வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். எங்கள் தொட்டிகள் இருந்த இடத்தில் சைக்கிள் கொட்டகை. எஸ்தர் கொண்டுவந்த அந்த வெளிறிய சிவப்பு ஒற்றையடுக்குக் காசித்தும்பை சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லை. எதுவும் அதைத் தாக்கி அழித்ததாகத் தெரியவில்லை. ஏதோ ஒரு வருஷம், விதை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றியிருக்காது.