பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கையெழுத்து

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு என் டயரியில் ஒரே ஒரு சொல் எழுதினேன். பனி.

புல்லில் படியும் காலைப் பனி அல்ல. வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக விழுகிற பனி. அதுவும் பலெர்மோவுக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கும் பகேரியாவில், எலுமிச்சை மரங்களின் மேல்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு எதையும் எண்ணிக் குறித்து வைக்கும் என் வியாதி தெரியும். உடனே பழைய டயரிகளைப் புரட்டினேன். இந்தத் தீவுக்கு வந்து ஏழு வருடம். மழை இருக்கிறது, ஆபிரிக்க மணல் காற்று இருக்கிறது, குழாயில் தண்ணீர் வராத நாட்கள் ஏராளம். பனி இல்லை. நாவல்களில் இடுப்பளவு பனிக்குள் எவ்வளவோ தூரம் நடந்திருக்கிறேன். இது அந்தப் பனி அல்ல… தரையைத் தொட்டதும் தண்ணீர்.

அன்று ஒன்பது மணிக்குள் நான் பலெர்மோ நகரில், கால்சா பகுதியில் இருக்க வேண்டும். அங்கே ஒரு வயதான அம்மாவை, இந்த ஊர்ப் பேச்சில் சிஞ்ஞோராவை, பராமரிப்பதுதான் என் வேலை. வேலைப் பத்திரம் மிலானோவில் இருக்கும் அவருடைய மகன் பெயரில். மகன் வக்கீல். இரண்டு நாள் வந்திருந்தார், ஒன்பதுக்கு விமான நிலையம் புறப்படுகிறார். அவர் மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டால்தான் கொழும்பில் ஒரு வாடகை அறையில் காத்திருக்கும் என் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். இந்த வாரம் பொலிஸ் அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் மறுபடியும் வரிசையின் வால். மிலானோவுக்குத் தபாலில் இரண்டு தடவை அனுப்பினேன். இரண்டும் போய்ச் சேரவில்லையாம்.

வழக்கமாக நான் ரயிலில்தான் போவேன். அன்றும் பத்திர ஃபைலோடு ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டேன். அப்போது பக்கத்தில் வந்து நின்றது அன்ரனின் சிவப்புக் கார்.

அன்ரன் மன்னார்ப் பிள்ளை. என்னைவிடப் பத்து வயது இளையவன். எனக்குப் பின்னால் வந்தவன், எனக்கு முன்னால் லைசன்ஸ் எடுத்தவன். எழுத்துப் பரீட்சையில் நான் மூன்று தடவை தவறியதை அவன் ஒரே தடவையில் பாஸ் பண்ணினான். புத்தகம் வாசிக்கிற பழக்கமே இல்லாதவன்! இதை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

"ஏறுங்கோ அண்ணை. நானும் கால்சாவுக்குத்தான் போறன்."

"ரயில் வந்திடும் தம்பி."

"இந்தப் பனிக்கு ரயில் ஓடாது. நான் சுவிசிலை ரெண்டு வின்ரர் இருந்தனான், எனக்குத் தெரியாதே?"

ஏன் ஏறினேன்? உண்மையைச் சொல்கிறேன். பிளாட்பாரத்தில் நின்ற நம்மவர்கள் எல்லாரும் பார்க்க, ஒரு நாளாவது காரில் ஏற வேண்டும் போலிருந்தது.

ஆறு ஐம்பத்தைந்துக்குப் புறப்பட்டோம். இந்த ஊர்ச் சாரதிகளை நீங்கள் அறிவீர்கள். சிவப்பு விளக்கில் நின்றால் பின்னால் உள்ளவன் திட்டுவான். அன்று? ஒரு ஹோர்ன் இல்லை. எல்லாரும் பூசைக்கு வரிசையில் போவதுபோலப் போனார்கள். முன்னால் ஒரு மீன் வான், நாலு விளக்கும் மின்ன மின்ன. அதன் சாரதி கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, விழுகிற பனியை ஏந்திப் பார்த்துவிட்டு, இன்னும் மெதுவாக்கினார்.

எல்லாரிலும் மெதுவாகப் போனவன் யார் தெரியுமா? நம்முடைய சுவிஸ் நிபுணர்.

"என்ன தம்பி, ரோட்டு ஈரமாய் மட்டும்தானே கிடக்கு?"

"உங்களுக்குத் தெரியாது அண்ணை. ஈரம்தான் ஆபத்து. அங்கை நான் எத்தினை கார் சறுக்கினதைக் கண்டனான்."

"நீ அங்கை கார் ஓடினனியே?"

"இல்லை. ரெஸ்ரோரன்ரிலை கோப்பை கழுவினனான். ஜன்னலாலை பாத்தது."

அந்த நேரம் பார்த்து, கடல் பக்கமாக என் ரயில் போனது. சரியான நேரத்துக்கு. ஜன்னலோரத்தில் ஒருவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த முகம் தெரியாத மனிதர்மேல் எனக்கு வந்த எரிச்சல்…

எட்டுப் பத்துக்கு, பலெர்மோ தொடங்கும் இடத்தில், ஓரெத்தோ ஆற்றுப் பாலம். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"நான் நடந்து போறன்."

"அண்ணை, சறுக்கும்…"

கதவைச் சாத்திவிட்டு நடந்தேன். இருபத்தைந்து நிமிடம். எத்தனை கார்களை முந்தினேன் என்று எண்ணவில்லை. எண்ணாதது அன்று மட்டும்தான்.

எட்டு முப்பத்தைந்துக்குப் படியேறினேன். வக்கீல் ஹாலில் பெட்டியோடு நின்றார். நிம்மதியாக மூச்சு விட்டுக் கையைப் பார்த்தேன். கை வெறுங்கை.

ஃபைல் காருக்குள்.

மாசக்கணக்காக ஒவ்வொரு தாளுக்கும் திகதி குறித்து அடுக்கிய ஃபைல். கோபத்தில் இறங்கிய அவசரத்தில் அன்ரனின் முன் சீட்டில் விட்டுவிட்டேன். சிஞ்ஞோராவின் வீடு அவனுக்குத் தெரியும்; ஆனால் எப்போது வந்து சேருவான்? கோழை என்று மனதுக்குள் நான் திட்டிய ஆளுக்காகப் பல்கனியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்லகாலம், டாக்ஸிக்காரர்களும் பனிக்குப் பயந்திருந்தார்கள். சொன்ன நேரம் கடந்தும் டாக்ஸி வரவில்லை. வக்கீல் போனை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

ஒன்பது ஐந்துக்கு, நடக்கிற ஒரு நாயின் பின்னாலே, சிவப்புக் கார் வந்தது. ஃபைல் அன்ரனின் கோட்டுக்குள் இருந்தது.

"கதவு திறக்கேக்கை நனைஞ்சு போகும் எண்டு இஞ்சை வைச்சனான்," என்றான்.

வக்கீலுக்குக் கையெழுத்துப் போட நேரமில்லை. காரைக் கண்டதும் பெட்டியைத் தூக்கி ஏற்றினார். "வழியில் போடுகிறேன்," என்றார். சிஞ்ஞோராவைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு நானும் ஏறினேன்.

பத்து கிலோமீட்டர் வேகம். அதற்கு மேல் முள் ஏறவில்லை. வக்கீல் பெட்டியை மடியில் வைத்து, ஒவ்வொரு பக்கமாக வாசித்து, மூன்று பிரதியிலும் போட்டார். ஒரு எழுத்துக்கூட ஆடவில்லை. விமானமும் பனிக்காக நின்றிருந்ததால் அவர் தப்பினார்.

விமான நிலையத்தில் இறங்கும்போது சொன்னார்: "இவ்வளவு பக்குவமாக ஓட்டும் ஆளை நான் பலெர்மோவில் கண்டதே இல்லை." அம்மாவை ஞாயிறு பூசைக்குக் கூட்டிப்போக அன்ரனின் நம்பரையும் வாங்கிக்கொண்டார். ஏழு வருடமாக என் பெயரை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனிதர், அவன் பெயரை ஒரே தடவையில் சொன்னார்.

பத்திரங்கள் கொடுத்தாயிற்று. என் மனைவியும் மகளும் வரும் நாளுக்கு அன்ரனை இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.

"கெதியாய் வரவேணுமே அண்ணை?"

"வேண்டாம். அண்டைக்கு ஓடின மாதிரியே ஓடு."

பொறாமை தீர்ந்ததா என்கிறீர்களா? எப்படித் தீரும்… அவர்கள் இந்த ஊரில் முதன்முதல் ஏறப்போவதும் அவனுடைய காரில்தானே.