வெட்டாமல் பிழைத்த வயிறு

நாங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளி வீட்டு மனைகளுக்கு விற்றபின், ஈப்போவை ஒட்டிய சிலிபினுக்குக் குடிவந்தோம். இடம்தான் மாறியது. குழம்பில் உப்பு கூடினால் அம்மாவின் தலையைப் பிடித்துச் சுவரில் மோதும் அப்பாவின் பழக்கம் மாறவில்லை. எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது அவருக்கு வயிறு உப்பியது. காற்றுகூடப் பிரியவில்லை.

தோட்டத்தில் எந்த வயிற்றுவலிக்கும் விளக்கெண்ணெய்தான். அம்மா அதையே ஊற்றினாள். வயிறு இன்னும் வீங்கி விண்ணென்று நின்றது. ஈப்போ ஆஸ்பத்திரிக்கு டாக்சியில் போகும் வழியெல்லாம் அப்பா அம்மாவின் கொண்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே கத்தினார்.

"பெருங்குடல் முறுக்கிக்கிட்டிருக்கு. இதுக்குப் போய் விளக்கெண்ணெய் குடுக்கலாமாம்மா?" என்றார் டாக்டர். "நல்லவேளை, குடல் அழுகல. வெட்ட வேணாம். பின்பக்கமா குழாய் விட்டே பிரிச்சிரலாம்."

"வெட்டிருங்க டாக்டர்," என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "புண்ணியமாப் போகும். நல்லா வெட்டிருங்க."

விவரம் தெரியாதவள் என்று டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டு வந்து, மாதக்கணக்கில் ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்கவில்லை. அந்த மாதங்களைத்தான் அம்மா கேட்டாள்.

அப்பாவைப் பலர் சேர்ந்து அமுக்கினார்கள். அவர் உதைத்ததில் ஓர் ஊழியருக்கு மூக்கு உடைந்தது. குழாய் உள்ளே போனதும் காற்றும் மலமும் பீய்ச்சி டாக்டரின் சட்டையை நனைத்தன. வயிறு இறங்கியது. மறுபடி முறுக்காமலிருக்க ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார் டாக்டர். அப்பா முடியாதென்று சட்டையை மாட்டிக்கொண்டார். எனக்கு அழுகையாக வந்தது. அவர் பிழைத்ததற்காகத்தான் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டார்.

"என்னைய வெட்டச் சொன்னவ எவடி?"

அம்மா வாய் திறக்குமுன், "நான்தான்," என்றேன்.

அவர் விட்ட அறையில் என் உதடு கிழிந்தது. அடுத்த அடிக்கு அவர் கை ஓங்கியபோது அம்மா குறுக்கே வந்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவள், முஷ்டியை மடக்கி அவர் அடிவயிற்றில் குத்தினாள். அப்பா மடங்கி விழுந்தார்.

"பிள்ளமேல கைய வச்சா மறுபடியும் குத்துவேன்லா," என்றாள்.

அன்றோடு அவர் திருந்திவிட்டார் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. ஆனால் அதன்பின் அம்மாவை அடிக்கும்போதெல்லாம் ஒரு கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டார். அடிக்க அவருக்கு ஒரு கைதான் மிச்சமிருந்தது.