முகத்தில் கத்தரி படாமல்

எங்கள் கிராமத்தின் முதல் பட்டதாரி நான். பட்டமளிப்புக்குக் கோட்டு தைக்கத்தான் புவாந்த் நுவார் நகரச் சந்தையருகே க்ளோத்தில்ட் அக்காவின் கடைக்கு முதலில் போனேன். கடலிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஊர் அது. கடையில் கரண்ட் இல்லை. காலால் மிதிக்கும் தையல் மெஷினைச் சுற்றிலும் கட்சித் துணி குவிந்து கிடந்தது. துணி முழுக்க அதிபரின் முகம்.

"கோட்டுக்குக் காத்திருக்கணும் தம்பி. இவரு யாருக்கும் வழிவிட மாட்டாரு."

தேர்தல்தோறும் வட்டாரப் பெண்களுக்கு அந்தத் துணியில் அக்கா கூலியில்லாமல் உடை தைக்க வேண்டும். கணவர் மகாயாவுக்கு எண்ணெய்க் கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்தவர் கட்சிச் செயலாளர். அதிபர் மறுபடி நிற்பதற்காக வயது வரம்பை எடுத்துவிட்டுச் சட்டத்தைத் திருத்தியதும் மறுபடி துணி வந்துவிட்டது.

"போன துணியில நரைச்சிருந்தாரு. இதுல முடி கருத்துப்போச்சு. எனக்குத்தான் கண்ணு மங்குது. இதோட சரி, முடியாதுன்னு சொல்லிடப் போறேன்."

சாப்பாட்டுத் தூக்கோடு நின்ற மகாயா பதறினார். "மெதுவாப் பேசுடி! நாளைக்கே என்னைக் கேட்டுக்கு வெளியில நிறுத்திடுவானுங்க."

இந்தத் துணியை வெட்ட ஒரு முறை உண்டு. முகத்தில் கத்தரி படக்கூடாது; முகம் தலைகீழாகக் கூடாது; உட்காரும் இடத்தில் வரவே கூடாது. செயலாளர் மனைவி பருத்த உடம்புக்காரி. துணி பற்றவில்லை. அக்கா முன்பக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் பொருத்தினார்; பின்பக்கத்தைக் கவனிக்கவில்லை.

கட்சிக் கூட்டத்தில் அந்த அம்மாள் கைதட்ட எழுந்ததும் பின்வரிசை முழுக்கச் சிரித்ததாம்.

மறுநாள் நான் அளவு கொடுத்துக்கொண்டிருந்தபோது செயலாளர் வந்தார்.

"தலைவர் மேல என் பொண்டாட்டிய உக்கார வெச்சுட்டியே!"

"தெரியாம நடந்துடுச்சு அண்ணே. துணி பத்தல."

"வேணும்னே செஞ்சாள்னு மேலிடத்துல ஒரு வார்த்தை சொன்னா உன் புருஷன் கதி என்ன?"

மகாயா வாசலிலேயே தலைகுனிந்து நின்றார். அக்கா அவரைப் பார்த்தார்.

"சொல்ல மாட்டேன்" என்றார் செயலாளர். " பக்கத்து வட்டாரத் துணியும் இனி உனக்குத்தான். தலைவர் இருக்கற வரைக்கும்."

"சரிங்கண்ணே" என்றார் அக்கா.

அவர் போனதும் அளவு நாடாவைச் சுருட்டினார். "இருக்கற வரைக்குமாம். கேட்டியா தம்பி? நீ வேற கடையில தைச்சுக்க."

வேறு கடையில்தான் தைத்தேன். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார், இரண்டு வட்டாரத்துக்கும் தைத்தபடி. மகாயா கிடங்கில் வேலை செய்கிறார்.