மஞ்சளாக மாறிய தண்ணீர்

குடிநீர் அலுவலகத்தில் குளோரின் பார்ப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக விடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். பட்டியலில் பதினான்கு குழாய்கள். ஒவ்வொன்றிலும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து நான்கு சொட்டு சோதனை மருந்து விடுவார். தண்ணீர் மஞ்சளானால், கிருமியைக் கொல்லும் குளோரின் மிச்சம் இருக்கிறது என்று பொருள். நிறம் மாறாவிட்டால் உடனே அலுவலகத்துக்குப் போன் செய்வார். தெருவில் அவர் பெயரே குளோரின்காரர்.

ஏழாவது குழாய் அவர் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் இருந்தது. வீடுகளுக்குள் வருவது மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர். குடிக்கத் தகுந்தது இந்த ஒரு குழாயில்தான். அவர் வீட்டைத் தவிர மற்ற பதினொரு வீடும் கேனுக்கு மாறியிருந்தன. முதலில் மாறியவர் வங்கிக்காரர். குழாய்த் தண்ணீர் நாறுகிறதாம். அவர் வீட்டில் கேனைக் கவிழ்க்கும் பாத்திரத்தின் அடியில் பாசி படர்ந்திருந்தது. அது நாறவில்லை, ஆகவே சுத்தம். விருந்தாளி வந்தால் சீல் வைத்த சின்ன பாட்டில், லேபிள் அவர்களைப் பார்க்கும்படி. தாகத்துக்கா காசு கொடுத்தார்கள்? பக்கத்து வீட்டுக்காரனைவிட ஒரு படி மேலே நிற்பதற்குக் கொடுத்தார்கள்.

குழாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேன் அடுக்கலாம் என்று பேச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கூட்டம். குளோரின்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். இரண்டு கண்ணாடி டம்ளர்கள்: ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் கேன் தண்ணீர். இரண்டிலும் மருந்தை விட்டார். குழாய்த் தண்ணீர் பளிச்சென்று மஞ்சளானது. கேன் தண்ணீர் அப்படியே இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

பார்த்தார்கள். தையல்காரர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மூத்திரம் மாதிரில்ல இருக்கு. இதையா இத்தனை வருஷம் குடிச்சோம்?"

"மஞ்சளானாத்தாம்மா நல்லது. மருந்து இருக்குன்னு அர்த்தம்."

"மருந்து குடிக்க நாங்க என்ன நோயாளியா சார்?" என்றார் வங்கிக்காரர்.

அதற்குப் பிறகு அவர் விளக்கியது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. பதினொரு கைகள் உயர்ந்தன. படியிறங்கும்போது மனைவி சொன்னாள்: "மொதல்ல சொல்லிட்டு அப்புறம் விட்டிருக்கக் கூடாதா? மஞ்சளைப் பாத்தா உங்களுக்குச் சந்தோஷம். ஊருக்கும் அப்படியா?"

செவ்வாய்க்கிழமை குழாய் போய்விட்டது. ஒரு குழாய் போனால் அதே லைனில் அடுத்த குழாயைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது அலுவலக விதி. பின்தெருவில், கட்டடத்துக்கு வரும் கேன்களை நிரப்பும் கொட்டகையில் இருந்தது அது. அங்கிருந்துதான் ஒரு ரப்பர் ஹோஸ் வடிகட்டும் இயந்திரத்துக்குப் போனது. மருந்தை விட்டார். நல்ல மஞ்சள்.

"சரியா இருக்கா சார்?" என்றான் கொட்டகைக்காரன்.

"நல்லா இருக்கு. ஒரு காலி கேன் குடுப்பா."

குழாயிலேயே நேராகப் பிடித்துத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கட்டடத்து வாசலில் வங்கிக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"கடைசியில நீங்களும் வழிக்கு வந்துட்டீங்களே சார்."

குளோரின்காரர் கேனை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார். மூன்று மாடி ஏற வேண்டியிருந்தது.