மாமாவின் கியூபாப் பாட்டுகள்

மாமா கியூபாவில் மருத்துவம் படித்துவிட்டு வந்து எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் முன்னறையில் தங்கியபோது எனக்கு ஒன்பது வயது. அத்தனை வருடம் அங்கே இருந்துவிட்டு அவர் கொண்டுவந்தது ஒரு பட்டமும் ஒரு பென்ட்ரைவ் நிறையப் பாட்டும்தான் என்று அம்மா குறைப்பட்டார்.

அந்தப் பாட்டுகள்தான் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. எல்லாவற்றிலும் ஒரே அடி. அதன்மேல் ஓர் ஆண்குரல் மூச்சுவிடாமல் ஏதோ சொல்லிக்கொண்டே போகும். அது ரெகேற்றோன் என்றார் மாமா. கியூபாவில் பஸ்ஸிலும் பேக்கரியில் பாண் வாங்கும் வரிசையிலும் அதுதானாம். அப்பாவுக்கு அது தையல் மெஷின் சத்தம். அம்மாவுக்கோ அதற்குள் எங்கேயோ ஒரு பெண் இருந்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த சம்பந்தத்துக்கு மாமா சம்மதமும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. பேச்செடுத்தால் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டார். அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, மாமாவோடு இருந்து பாட்டுக் கேட்கச் சொன்னார். ஏதாவது பெயர் அடிக்கடி வந்தால் வந்து சொல்ல வேண்டும்.

மாமா சந்தோஷமாக இயர்ஃபோனின் ஒரு பக்கத்தை எனக்குத் தந்தார். இவன் முன்பு முடிவெட்டியவன், இவனுக்கும் அவனுக்கும் சண்டை, ஒருவரையொருவர் திட்டிப் பாட்டுப் போடுகிறார்கள் என்றெல்லாம் சொன்னார். நான் பெயருக்காகக் காத்திருந்தேன். ஒருநாள் பிடித்தும்விட்டேன். பாட்டுக்குப் பாட்டு ஒரே பெயர் வந்தது.

அம்மா பாதி நறுக்கிய கத்தரிக்காயை விட்டுவிட்டு முன்னறைக்குப் போனார்.

"ஆரடா யொவானி?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அது பாடுறவன்ரை பேர், அக்கா. உந்தப் பாட்டுகளை அங்கை ரேடியோவிலை போடமாட்டினம். பென்ட்ரைவிலைதான் கைமாறும். ஆரின்ரை பாட்டெண்டு சனத்துக்குத் தெரியவேணுமெல்லோ. அதுதான் முதலே பேரைச் சொல்லிப்போடுவாங்கள்."

"ஒருத்தன் தன்ரை பேரைத் தானே கூப்பிட்டுக்கொண்டு நிப்பானோ?"

அப்பா ஃபோனில் தேடிப் படத்தைக் காட்டினார். தாடியும் தடித்த சங்கிலியுமாக ஒருவன். அம்மா படத்தைப் பெரிதாக்கி, அவனுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அதன் பிறகும் பல நாட்கள் மாமாவின் ஃபோன் அடித்தால் குசினியில் தண்ணீர்க் குழாய் நின்றுவிடும்.

மழைக்காலம் தொடங்கியபோது மாமா கொட்டாஞ்சேனைக்கு ஓம் என்றார். எனது வேலை முடிந்தது. ஆனால் அந்த அடி எனக்குப் பிடித்துப்போயிருந்தது. ஒரு பின்னேரம் மாமா குளிக்கப் போனபோது தனியே இருந்து கேட்டேன். கடைசியாக ஒன்றில் அடியே இல்லை. காற்றாடிச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் சிரித்துச் சிரித்து, ஒவ்வோர் எழுத்தாகத் தடவிச் சொன்னாள்: "சாப்பிட்டனீங்களோ?" மாமாவின் குரல் திருத்தியது. அவள் மறுபடி சொன்னாள்.

மாமா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"இவவுக்கு வடிவாத் தமிழ் வராது, மாமா. பாடவும் இல்லை," என்றேன்.

துவாய் அவர் தலையிலேயே நின்றது. "ஓம், பிள்ளை. அவ பாட்டுக்காரி இல்லை," என்றார். இயர்ஃபோனின் ஒரு பக்கத்தை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு தரம் போடச் சொன்னார்.

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டுமென்று நினைக்கவில்லை. அம்மா கேட்டது ஒரு பெயரை. அதில் பெயர் எதுவும் வரவில்லை.